எதிர்வீட்டுக்குப் போன பெட்டி

பெட்டி உன் காலை இடிக்குதாம்மா? பொறு, இப்படித் திருப்பி வச்சுக்கிடுதேன். மேல வைக்கச் சொல்லி அந்தக் கண்டக்டர் சங்கரன்கோவில்ல ஏறுனதுலேருந்து கத்திக்கிட்டு வாரான். மாட்டேன்னுட்டேன். பின்னால டிக்கியில போடச் சொன்னான். அதுக்கும் மாட்டேன்னுட்டேன். இந்தப் பெட்டி எங்க வீட்டை விட்டு ஜெர்மனிக்குக் கிளம்பி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. இன்னைக்குத்தான் பஸ்ஸே ஏறியிருக்கு. அதைக் கொண்டுபோயி கோழிக்கூடைக்குப் பக்கத்துல போடுன்னா மனசு வருமா, நீயே சொல்லு.

உன் மடியில இருக்குதே, அது ஜெர்மன் பாஷைப் புஸ்தகந்தானே? அட்டையைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இதே புஸ்தகம் இந்தப் பெட்டிக்குள்ள கிடந்துது. திருநெல்வேலிக்குக் கிளாஸுக்குப் போறியாக்கும். என்ன படிச்சிருக்க பாப்பா? நர்ஸிங்கா? அப்பம் நீ போயிருவ. நர்ஸுன்னா கூப்பிட்டுக்கிடுவான். இன்ஜினியருன்னாத்தான் ஆயிரம் கேள்வி கேக்கான். எனக்கு இதுல எல்லாம் நல்ல அனுபவம் உண்டு.

நானா? நான் எங்க ஜெர்மனிக்குப் போறேன். நான் திருச்செந்தூர் போறேன். பெட்டியையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.

சொன்னா நீ சிரிப்ப. சிரிச்சுக்கோ, எங்க வீட்டுக்காரவுகளே சிரிக்காவ. ஆனா யார் மேல தப்புன்னு நீ பொதுவா நின்னு சொல்லணும். எனக்கும் எங்க எதுத்த வீட்டு லோகா மதினிக்கும் நடந்த விவகாரம் இது. லோகநாயகின்னு பேரு. நல்ல மனுஷிதான், நான் குறை சொல்லலை. ஆனா அவ செஞ்சது எந்த ஊர் நியாயம்னு கேக்குதேன்.

எனக்கு ஒரே பையன். கோமதிசங்கர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். படிச்சு முடிச்சதும் எல்லாப் பயலுவளையும் மாரி அவனும் வெளிநாடுதான்னு நின்னான். எங்க தெரு முக்குல டீக்கடையில நாலு பயலுவ கூடுனா நாலு தேசம் பேசுவானுவ. ஒருத்தன் கனடாங்கான், ஒருத்தன் அயர்லாந்துங்கான். ராஜபாளையத்தைத் தாண்டாத பயலுவ, அங்க எந்தத் தெருவுல வாடகை கம்மின்னு சண்டை போடுதானுவ. எம்பையன் ஜெர்மனி. ஏம்ல ஜெர்மனின்னு கேட்டேன். அங்க மெஷினெல்லாம் பெருசு பெருசா இருக்கும்மான்னான். நம்ம வீட்டு மிக்ஸி சுத்தாமக் கிடக்கு, அதைப் பாத்துக் குடுத்துட்டுப் போலன்னேன். கடைசி வரைக்கும் பாக்கல.

நான் போகாதன்னு சொன்ன ஆளு இல்ல. நீ அப்படி நினைச்சுராத. கோவில் வாசல்ல பூ விக்கிறவகிட்டகூட, எம்பையன் ஜெர்மனி போறான்னு சொல்லித்தான் பூ வாங்குவேன். நான் ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அவன் கிளம்புற அன்னைக்கு என் கையால திருநீறு பூசி, எங்க வீட்டு வாசப்படியில நின்னு அனுப்பணும். அவன் தெரு திரும்புற வரைக்கும் நான் பாத்துக்கிட்டு நிக்கணும். அது ஒண்ணுதான். பெத்தவ இதுகூடக் கேக்கக் கூடாதா?

பாளையங்கோட்டையில ஒரு ஏஜெண்டு கம்பெனி பிடிச்சுக் குடுத்தார். போன்லயே இண்டர்வியூ நடந்துது. கோமதிசங்கர் மேல கோட்டும் சட்டையும், கீழ லுங்கிச் சாரமுமா உக்காந்து பேசுனான். வேலை உறுதி, விசா மட்டுந்தான் பாக்கின்னுட்டாங்க. எப்பம் வரும்னு கேட்டா, ஆடி நடுவுல வரும், வந்த உடனே கிளம்பிறணும்னு சொல்லுதார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. ஆடியில யாராவது பிள்ளையை அனுப்புவாங்களா? ஆவணியில வாரேன்னு சொல்லுலன்னேன். அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா. முடியாதுன்னுட்டான். அப்பந்தான் எனக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்துது.

உங்க வீட்ல பரஸ்தானம் வைக்கிற பழக்கம் இல்லையா? பயணம் போற அன்னைக்கு நாள் சரியில்லைன்னா, அதுக்கு முந்தியே ஒரு நல்ல நாள் பாத்து, கொண்டுபோற பெட்டியை மட்டும் வீட்டை விட்டு வெளியேத்தி இன்னொருத்தர் வீட்ல வச்சிரணும். பெட்டி கிளம்பிட்டா ஆளு கிளம்புன மாரி. அப்புறம் எந்த நாள்ல வேணும்னாலும் அந்த வீட்லேருந்து பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிரலாம். ஆடியும் ஒண்ணும் பண்ணாது, அஷ்டமியும் ஒண்ணும் பண்ணாது. ஒரே ஒரு கட்டுப்பாடு. கிளம்புன பெட்டி திரும்ப வீட்டுக்குள்ள வரப்படாது. வந்தா, போறவனும் பாதியில திரும்பிருவான்.

எந்த வீட்ல வைக்கலாம்னு நான் ரொம்ப யோசிச்சேன். இந்தப் பக்கத்து வீட்ல வாண்டுப் பிள்ளைய, பெட்டியைத் திறந்து உள்ள உக்காந்துக்கிடும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்குன இட்லிச் சட்டியையே திருப்பித் தராதவ. எதுத்த வீடு லோகா வீடு, எங்களுக்கு நேர் மேற்க. ஜெர்மனியும் மேற்கதாம்மான்னு பையன் மேப்புல காட்டுனான். வியாழக்கிழமை மேற்க சூலமும் கிடையாது. எல்லாம் கூடி வருதுன்னு சந்தோசப்பட்டேன். அந்த வீட்ல ஒரு பொண்ணு இருக்கான்னு எனக்கு அப்பம் தோணவே இல்ல பாத்துக்க. அகிலான்னு பேரு. உன்ன மாரி நர்ஸிங்தான் படிச்சா. ஸ்கூட்டியில ஆஸ்பத்திரிக்குப் போவா, வருவா. பொறந்ததுலேருந்து பாக்குத பிள்ளையை யாராவது புதுசா யோசிப்பாங்களா?

ஆனி மாசக் கடைசி வியாழக்கிழமை. பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, பூச் சுத்தி, சூடம் காட்டுனேன். உள்ள என்னென்ன வச்சேன் தெரியுமா? கம்பளிச் சட்டை, புதுச் சட்டை, சவரக் கத்தி, சின்னக் குக்கர், பருப்புப்பொடி, இட்லிப்பொடி, நார்த்தங்காய். எல்லாத்துக்கும் மேலாப்புல இந்தப் புஸ்தகம். அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தெருவைத் தாண்டுனான். சரியா பால்காரர் எதுக்க வாரார். நல்ல சகுனம். பெட்டி லோகா வீட்டு வாசப்படி ஏறுனதும் எனக்குத் தாங்கல. தேம்பித் தேம்பி அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரவுக, "பையன் இந்தா திரும்பி வந்துட்டானே, என்னத்துக்கு அழுத?"ன்னாவ. "பெட்டி போயிட்டுல்லா"ன்னேன். "அந்தா தெரியுது பாரு"ன்னு கையைக் காட்டுதாவ. கரண்டு ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவுக. கம்பியைத் தொட்டா அடிக்கணும், அப்பத்தான் எதையும் நம்புவாவ.

ஆடி நடுவுல ஏஜெண்டு போன் பண்ணுனார். விசாவான்னு எல்லாரும் சுத்தி நின்னோம். விசா இல்லையாம். பாஷைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணுனாத்தான் விசா குடுப்பாங்களாம். இதை முந்தியே சொல்லப்படாதான்னு கேட்டா, ரூலு மாறிட்டுங்கார். சரி, படிச்சு எழுதிருவோம்னு பையன் உக்காந்துட்டான். புஸ்தகம் எங்க? பெட்டிக்குள்ள. பெட்டி எங்க? லோகா வீட்ல.

எங்க வீட்டுக்காரவுக, "போயிப் பெட்டியைத் தூக்கிட்டு வால"ன்னு சாதாரணமாச் சொல்லுதாவ. நான் குறுக்க விழுந்து தடுத்தேன். "அப்பம் புஸ்தகத்தை மட்டும் எடுத்துட்டு வரட்டும்"ன்னாவ. அதெப்படி? பெட்டிக்குள்ள இருக்கிறதும் பயணம் கிளம்புனதுதானே. பாதியில இறங்கலாமா? எதுக்கும் கேட்டுருவோம்னு ஜோசியர்கிட்ட போனேன். ரொம்ப நேரம் கேட்டார். "உங்க மனசுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்கம்மா"ன்னார். பாத்தியா, அவரே சொல்லிட்டார்.

அங்கனயே போயி உக்காந்து படிலன்னு நாந்தான் அனுப்புனேன்.

சாயங்காலம் ஆனா போயிருவான். முதல்ல படிக்க மட்டுந்தான் போனான். அப்புறம் எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம் வந்துது. நல்ல சட்டை பெட்டிக்குள்ள. அங்க போயி மாத்திக்கிட்டு, கல்யாணத்துக்குப் போயிட்டு, அங்க போயிக் கழட்டிப் போட்டுட்டு, சாரத்தைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தான். சவரக் கத்தி அங்க. காலையில அங்க போயித்தான் சவரம். சவரம் பண்ணுனா குளிக்கணும்லா, குளிச்சுட்டே வந்துருவான். குளிச்ச பிள்ளையை எப்படி வெறும் வயித்தோட அனுப்புறதுன்னு லோகா ரெண்டு இட்லி வைப்பா. தொட்டுக்கிட எங்க இட்லிப்பொடிதான். பொடி தீந்ததும் நான் புதுசா இடிச்சுக் குடுத்தேன். பெட்டி குறையப்படாதுல்லா.

தெருவுல ஒருத்தி கேட்டா, "உங்க பையன் இப்பம் எதுத்த வீட்லயா இருக்கான்?"னு. எனக்குச் சுருக்குன்னு வந்துட்டு. "அவன் ஜெர்மனிக்குப் போய்க்கிட்டு இருக்கான்"னேன்.

நான் ஒண்ணும் ஏமாந்தவ இல்ல. எங்க வீட்டு ஜன்னல்லேருந்து பாத்தா லோகா வீட்டு முன்னறை முழுசாத் தெரியும். பையன் படிக்கானா தூங்குதானான்னு தினமும் பாப்பேன். படிக்கத்தான் செஞ்சான். அகிலா டூட்டி முடிஞ்சு வந்து எதுக்க உக்காந்துக்கிட்டுக் கேள்வி கேப்பா. அவன் பதில் சொல்லுவான். தப்பாப் போனா ஸ்கேலை வச்சு மேசையில தட்டுவா. ரெண்டு பேரும் சிரிப்பாவ. பாஷை கஷ்டம், சிரிச்சாவது படிக்கட்டும்னு விட்டேன். ஒருநா பாத்தா, அகிலா அவன் கையைப் பிடிச்சு நாடி பாத்துக்கிட்டு இருக்கா. ரொம்ப நேரமாப் பாக்கா. எனக்குப் பதறிட்டு. வீட்டுக்கு வந்ததும் நெத்தியைத் தொட்டுப் பாத்து, "ஏல, காய்ச்சலா?"ன்னேன். "இல்லம்மா"ன்னான். முகமெல்லாம் செவந்து கிடக்கு. காய்ச்சலை மறைக்கான்னு தெரிஞ்சுக்கிட்டேன். விட்டுருவேனா? மிளகு ரசம் வச்சுக் குடிக்க வச்சேன். எங்கிட்டேருந்து ஒரு விசயத்தை ஒருத்தரும் மறைச்சுற முடியாது பாப்பா. நான் சின்ன வயசுலேருந்தே அப்படி.

எதுக்கு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க? சரி, கேளு.

பரீட்சை சென்னையில. அகிலாவும் போறேன்னா. "சும்மா கூட எழுதிப் பாக்கேன் அத்தை"ன்னா. புஸ்தகத்தைத்தான் அவளும் பாத்துட்டாளே, எழுதிட்டுப் போகட்டும்னு அவளுக்கும் சேத்துத் தயிர்ச் சோறு கட்டிக் குடுத்தேன். லோகா வீட்டுக்காரர் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போனார். ரிசல்ட்டு வந்துது. என்ன நடந்திருக்கும்னு நினைக்க? அகிலா பாஸு. எம்பையன் பெயிலு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெட்டி எம்பையன் பெட்டி. புஸ்தகம் எம்பையன் புஸ்தகம். நாள் பாத்து, சூலம் பாத்து, சூடம் காட்டி அனுப்புன நல்ல நேரம் எம்பையன் நேரம். அதைக் கொண்டுபோயி அந்த வீட்ல வச்சோம்னா, அது அங்க உள்ள பிள்ளைக்குப் போயிட்டு. வேற என்ன காரணம்? எங்க வீட்டுக்காரவுக, "அவ படிச்சா, பாஸாயிட்டா. இவன் அவளைப் பாத்துக்கிட்டு இருந்தான், பெயிலாயிட்டான்"னாவ. இவுகளுக்கு எதுலயும் ஆழமா யோசிக்கத் தெரியாது.

நான் நேராப் போயி லோகா வீட்டு வாசல்ல நின்னேன். "மதினி, எம்பையன் நேரத்தை உங்க பொண்ணு எடுத்துக்கிட்டா. இது நல்லாயில்ல"ன்னேன். அவ கொஞ்சமும் அசரல. "நேரத்தைத் தூக்கிக் கொண்டாந்து எங்க வீட்ல வச்சது யாரு மதினி? நானா வந்து கேட்டேன்? ரெண்டு வேளை இட்லி போட்டதுக்கு எனக்கு இந்தப் பேச்சா?"ன்னா. அந்த நாளோட பேச்சு வார்த்தை நின்னு போச்சு. அவ கோலம் போட வந்தா நான் உள்ள போயிருவேன். நான் வந்தா அவ போயிருவா. ஆனா பையன் மட்டும் தினமும் போனான். சண்டை எனக்கும் அவளுக்கும், பெட்டிக்கு என்ன சண்டை?

அதுக்குள்ள அந்தக் கம்பெனிக்காரன் வேற ஆளை எடுத்துட்டான். ஏஜெண்டு போனை எடுக்கிறதை விட்டுட்டார். அகிலாவுக்கு மட்டும் ஒவ்வொரு பரீட்சையாப் பாஸாகி, அங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுட்டு. தெருவே லோகா வீட்டு வாசல்ல கூடி நிக்குது. நான் ஜன்னலைச் சாத்திட்டேன். அன்னைக்கு நான் சாப்பிடல. பொறாமையில்ல பாப்பா. பொறாமைன்னு நீயும் நினைச்சா அது உன் இஷ்டம்.

தை மாசம் ஒருநா காலையில பாத்தா, லோகாவும் அவ வீட்டுக்காரரும் தெருவைத் தாண்டி எங்க வீட்டைப் பாத்து வாராவ. அவர் கையில என்னமோ கனமா இருக்கு. பொண்ணுக்கு வேலை கிடைச்ச திமிருல பெட்டியைத் திருப்பிக் கொண்டாந்துட்டாவன்னு நினைச்சுட்டேன். பெட்டி உள்ள வந்துட்டா எம்பையன் பயணம் அதோட முடிஞ்சுது. ஓடிப்போயி ரெண்டு கையையும் விரிச்சு வாசலை மறிச்சுட்டேன். "உள்ள வராதிய, அப்படியே திரும்பிப் போயிருங்க"ன்னேன். லோகா முகம் சுண்டிப் போச்சு. பொறவுதான் பாக்கேன், அது பெட்டி இல்ல. பெரிய தாம்பாளம். பழம், பூ, வெத்தலை பாக்கு. பின்னால எம்பையன் புதுச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கான். அங்கேருந்துதான் அவனும் வாரான்.

எனக்கு அப்பமும் புரியல. அகிலா ஊருக்குப் போறதுக்கு அழைக்க வந்திருக்காவன்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரவுக எழுந்திரிச்சு, "வாங்க சம்பந்தி"ங்காவ. அவுகளுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. அந்தப் பால்காரருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தவ.

"ஏல, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியால?"ன்னு கேட்டேன். "நீதானம்மா தினமும் போ, போன்னு அனுப்புன"ங்கான்.

அகிலா நல்ல பிள்ளைதான். ஜாதகம் பாத்தோம், அப்படியே பொருந்திட்டு. பொருந்தாம என்ன, நல்ல நேரம் பூராவும் அந்த வீட்லதானே இருக்கு. சித்திரையில கல்யாணம். கொஞ்ச நாள்ல அகிலா போயிட்டா. அங்க வேலையில சேந்து, வீடு பாத்து, பொறவு இவனைக் கூப்பிட்டுக்கிடுவாளாம். புருஷனைப் பொண்டாட்டி கூப்பிடுத விசான்னு ஒண்ணு இருக்காம். இவன் சின்னதா ஒரே ஒரு பரீட்சை எழுதுனாப் போதுமாம். ஆரம்பப் பாடத்துல கேப்பாங்களாம். எம்பையன் அதைச் சொந்தமாவே எழுதிப் பாஸ் பண்ணிட்டான். தினமும் அகிலா போன்ல கேள்வி கேப்பா, அவ்வளவுதான்.

இதை எல்லாரும் வேற மாரிப் பேசுனாவ. பொண்டாட்டி தயவுல போறான்னாவ. நான் எங்க வீட்டுக்காரவுககிட்ட சொல்லி ஆத்தாமைப்பட்டேன். "அப்பம் எம்பையன் அவ கொண்டுபோற சாமானா?"ன்னேன். அவுக பேப்பரை மடக்கி வச்சுட்டு எம் முகத்தைப் பாத்தாவ. "நீ பெட்டியை எங்க அனுப்புன?"ன்னாவ. லோகா வீட்டுக்குன்னேன். "பெட்டி எந்த வீட்டுக்குப் போகுதோ ஆளும் அந்த வீட்டுக்குப் போன மாரின்னு நீதானே சொன்ன. பரஸ்தானம் பலிச்சுட்டு. பொறவு என்ன?"ன்னுட்டுத் திரும்பப் பேப்பரை எடுத்துக்கிட்டாவ. எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்குக் காபியே போடல.

இப்பம் வாரேன் பாரு, அந்தக் கிளம்புற நாளுக்கு. அதுக்குத்தான் உன்கிட்ட நியாயம் கேக்குதேன்.

விடிஞ்சதும் கார் வந்துரும். நான் முந்தின நாளே வாசலைக் கழுவி, பெரிய கோலம் போட்டு, திருநீத்துத் தட்டு எல்லாம் எடுத்து வச்சுட்டேன். லோகா வந்தா. அந்தச் சண்டையெல்லாம் கல்யாணத்தோட சரியாப் போச்சு. வந்தவ சும்மா இருக்காம, "மதினி, கோலம் இங்க எதுக்கு? பெட்டி எங்க வீட்லல்லா இருக்கு. பெட்டி இருக்கிற வீட்லேருந்துதான் கிளம்பணும்னு நீங்கதானே சொன்னிய"ன்னா.

பாப்பா, அவ சொன்னது சரிதான். நான் போட்ட கட்டுப்பாடுதான். ஆனா அவ கொஞ்சம் மறந்து போயிருக்கலாம்ல? மத்தவுக சொன்னது ஒண்ணையும் ஞாபகம் வைக்காத ஊருல, நான் சொன்னதை மட்டும் இவ ஏன் ஞாபகம் வச்சிருக்கணும்? அதான் கேக்குதேன்.

எம்பையன், "அதெல்லாம் வேண்டாம், நான் நம்ம வீட்லேருந்தே கிளம்புதேம்மா"ன்னான். நாந்தான் கூடாதுன்னுட்டேன். ரெண்டு வருஷம் காத்துக் கிடந்த பயணம். கடைசி நேரத்துல என் ஆசைக்காக அதுல ஒரு குத்தம் வந்துட்டா? அங்க போயி அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?

அப்படியே நடந்துது. எம்பையன் ஜெர்மனிக்கு லோகா வீட்டு வாசப்படியிலேருந்து இறங்குனான். திருநீறு பூசி விட்டது லோகா. எங்க வீட்டு வாசல்ல நான் நிக்கேன். நடுவுல தெரு. நான் போட்ட கோலம் அழியாம அப்படியே கிடக்கு, மிதிக்க ஆளில்ல. ஒரே பிள்ளை பாப்பா. எதுத்த வீட்லேருந்து கிளம்புதான், நான் வேடிக்கை பாக்குத மாரி நிக்கேன். என்னால தாங்க முடியல.

அப்பந்தான் லோகா அங்கேருந்து கத்துனா. "மதினி, ஏன் அப்படியே நிக்கிய? நிறைகுடத்தைத் தூக்கிட்டு எதுக்க வாங்க. பெத்தவ எதுக்க வாரதை விட வேற சகுனம் என்ன வேணும்?"னா.

நான் உள்ள ஓடுனேன். பித்தளைக் குடத்துல தண்ணியை நிறைச்சு இடுப்புல வச்சுக்கிட்டு இறங்குனேன். அவன் அந்தப் படியிலேருந்து வாரான், நான் இந்தப் படியிலேருந்து போறேன். நடுத் தெருவுல ரெண்டு பேரும் நேருக்கு நேர். குடம் தளும்பி என் சேலையெல்லாம் நனைஞ்சுட்டு. அவன் சிரிச்சான். "அம்மா, குடத்தை விட உன் கண்ணுல நிறையத் தண்ணி இருக்கு"ன்னான். எங்க வீட்டுக்காரவுக கார் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டாவ. தூசி விழுந்துட்டாம்.

கார் போயிட்டு. லோகா உள்ள போனா. போன வேகத்துல திரும்பி வந்தா. முகத்துல ஈ ஆடல. "மதினி, பெட்டி"ன்னா.

பெட்டி போகல பாப்பா.

அகிலா போன்ல சக்கரம் வச்ச பெட்டிதான் வேணும்னு சொல்லி, புதுசா ரெண்டு வாங்குனாவ. சாமானெல்லாம் அதுக்கு மாறிட்டு, அதுதான் கார்ல போயிருக்கு. இந்தப் பெட்டி மேல லோகா எப்பமோ ஒரு துணியை விரிச்சு மிக்ஸியைத் தூக்கி வச்சிருக்கா. அது பெட்டிங்கிறதே எல்லாருக்கும் மறந்து போச்சு. அந்த மிக்ஸியை ரிப்பேர் பாத்துக் குடுத்தது யாரு தெரியுமா? எம்பையன். எங்க வீட்டு மிக்ஸி இன்னைக்கும் சுத்தல.

ரெண்டு பேரும் அந்தப் பெட்டி முன்னால தரையில உக்காந்து சிரிச்சோம். சிரிச்சுச் சிரிச்சு, பொறவு என் தோள்ல சாஞ்சு லோகா அழுதா. அவளுக்கும் ஒரே பொண்ணு. அது எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்ல. "இதாவது இங்க இருக்கட்டும் மதினி"ன்னா. நான் மாட்டேன்னுட்டேன். கிளம்புன பெட்டி போகாமக் கிடந்தா, அங்க போன பிள்ளை எப்படி நிம்மதியா இருப்பான்? வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, லோகா வீட்லயும் வைக்க முடியாது. ஜோசியர்கிட்ட போனேன். "உங்க மனசுக்கு எப்படித் தோணுதோ"ன்னார். எனக்குக் கடல்னு தோணுச்சு. கடலைத் தாண்டித்தானே எல்லாரும் போறாங்க. திருச்செந்தூர்ல கடலைக் காட்டி, ஒரு அலையில நனைச்சுட்டுக் கொண்டாந்தா பயணம் முடிஞ்ச கணக்கு. அப்புறம் என் வீட்டுக்குள்ள தாராளமா வரலாம்.

இதான் நடந்துது. இப்பம் சொல்லு, தப்பு லோகா மேலதானே?

திரும்பவும் சிரிக்க. சரி, சிரிச்சுக்கோ.

உங்க வீட்ல யார் யாரு? அப்பா, அம்மா, ஒரு தம்பியா? நீ போறதுக்கு அம்மை என்ன சொல்லுதா? ஒண்ணும் சொல்லலையா? அடுப்படியிலயே நிக்காளா? அப்படித்தான் நிப்பா. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, நீயும் கேக்காத. பொடி இடிச்சுத் தந்தா வேண்டாம்னு மட்டும் சொல்லிராத.

புது பஸ் ஸ்டாண்டு வந்துட்டு பாரு. நீ இங்கதானே இறங்கணும். நானும் இறங்கித்தான் திருச்செந்தூர் வண்டி பிடிக்கணும். இந்தா, இந்தக் கைப்பிடியைப் பிடி. ரெண்டு பேருமாத் தூக்குவோம்.

கனமே இல்லைங்கியா? ஆமா, உள்ள ஒரே ஒரு கம்பளிச் சட்டைதான் கிடக்கு. கொடைக்கானல் போனப்பம் அவனுக்கு வாங்குனது. அந்த ஊர்க் குளிருக்கு இது பத்தாதுன்னு அகிலா சொல்லிட்டா. உனக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், பரவாயில்ல.

பாப்பா, நான் ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லப்படாது. இந்தப் பெட்டியை நீ கொண்டுபோறியா? பழசுன்னு நினைக்காத. நல்ல நாள் பாத்து, சூலம் பாத்துக் கிளம்புன பெட்டி. அந்த நேரம் இன்னும் இதுக்குள்ளயேதான் இருக்கு. கடலுக்குப் போயி அலையில நனைச்சு அதை வீணாக்குறதுக்கு, ஜெர்மனிக்கே போற பிள்ளை நீ எடுத்துக்கிட்டுப் போனா இதுவும் போயிச் சேந்த மாரி ஆச்சு. எம்மனசும் ஆறும். அகிலா விலாசம் தாரேன், போனதும் ஒரு எட்டுப் போயிப் பாரு. எம்பையங்கிட்ட இந்தப் பெட்டியைக் காட்டு.

பிடிச்சுக்கோ. விடாத. கண்டக்டர் விசில் அடிக்கான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. எதுத்த வீட்ல கொண்டுபோயி வச்சிராத. பக்கத்து வீட்லயும் வேண்டாம். உங்க வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். கிளம்புற அன்னைக்கு உங்க அம்மை வாசல்ல நிப்பால்லா, அவ கையால திருநீறு வாங்கிக்கிட்டு அந்த வாசப்படியிலேருந்தே இறங்கு. ராகு காலமா இருந்தாலும் பரவாயில்ல.